பித்தளையில் ஞாபகம் தங்காது

புத்தளம் கரையில் அந்த மாதம் எங்கே போனாலும் ஒரே கதைதான். ஞாபக மாஸ்டர் வந்திருக்கிறார்!

எங்கே வந்திருக்கிறார்? உடப்புக்குப் போகும் வழியில், இறால் எல்லாம் நோய் வந்து செத்துப்போய் இழுத்து மூடிய ஒரு பண்ணையில். இறாலைக் காப்பாற்ற முடியாத கொட்டகையில் மனிதரைக் காப்பாற்ற ஒருவர் வந்து குந்திவிட்டார். வாசலில் பெரிய பதாகை. 'மறதி மீட்பு மாமணி, மூவுலக ஞாபகச் சக்கரவர்த்தி' என்று மஞ்சள் எழுத்து. பக்கத்தில் மாஸ்டரின் படம், தலையைச் சுற்றி ஒளிவட்டம். அதைப் போட்டுக் கொடுத்தவர் சிலாபத்தில் கலியாண அல்பம் செய்கிற கடைக்காரர். அதே வட்டத்தை அவர் மணமகளுக்கும் போடுவார், கேக்குக்கும் போடுவார்.

கூட்டமோ கூட்டம். கற்பிட்டியில் இருந்து வான் பிடித்து வந்தார்கள். தில்லையடியில் இருந்து, முன்னேஸ்வரத்தில் இருந்து பஸ் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவர் கைப்பிடியிலும் ஒரு வயதானவர். பெயர் மறந்த அப்பா, வீடு மறந்த அம்மா, சாப்பிட்டு எழும்பின கையோடு பக்கத்து வீட்டுக்குப் போய் "எனக்கு இன்னும் சோறு தரயில்ல" என்று முறையிடுகிற வாப்பா. கூட்டி வந்தவர்களின் முகத்தையும் பார்த்தால், இதில் யார் நோயாளி என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

மாஸ்டருக்கு மதபேதம் கிடையாது, தங்கமான மனிசன். மூன்று தட்டு வைத்திருந்தார். ஒன்றில் விபூதி, ஒன்றில் மெழுகுதிரி, ஒன்றில் சாம்பிராணியும் அத்தரும். வருகிற ஆளின் உடுப்பைப் பார்த்துத் தட்டு மாறும். எண்ணெய் மட்டும் மாறாது. அது ஒரே எண்ணெய், ஒரே போத்தல். பெயர் 'ஞாபகத் தைலம்'.

காசு? "சீச்சீ! நான் காசைக் கையாலயும் தொடுறதில்ல" என்பார். கேட்ட சனத்துக்குக் கண் கலங்கும். அவர் கேட்டது வேறொன்று. நோயாளி நெடுங்காலம் உடம்பில் போட்டிருந்த ஏதாவது ஒரு நகை. தலையை விட்டுப் போன ஞாபகம் எல்லாம் அந்த நகையில்தான் போய் ஒட்டிக்கொள்ளுமாம். அதை மாஸ்டர் ஒரு மாதம் வைத்துப் பூசை செய்து, ஞாபகத்தைப் பிரித்தெடுத்து, திரும்பவும் தலைக்குள் ஏற்றிவிடுவாராம். ஒரு ஏழைப் பெண் தன் தாய் ஆயுசு முழுக்கப் புழங்கிய பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் அதைச் சுண்டிப் பார்த்தார். சோகமாகத் தலையை ஆட்டினார்.

"பித்தளையில ஞாபகம் தங்காது, மகள். பவுண் ஏதும் இருந்தாக் கொண்டு வாங்க."

ஆராய்ச்சி அப்படிச் சொல்கிறது, பாவம், அவர் என்ன செய்வார்!

இந்தத் திருவிழாவுக்குள் அஜித்தா வந்து மாட்டிக்கொண்டது அவளுடைய மச்சாள் யூஜீனியாவின் புண்ணியத்தில்.

அஜித்தாவின் புருஷன் டிலக்‌ஷன் இத்தாலியில் இருக்கிறான். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பராமரிக்கிற வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. டிலக்‌ஷனுடைய தகப்பன் மனுவேலை இங்கே கற்பிட்டிக் கரையில் அஜித்தா பராமரிக்கிறாள். இதற்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. இதற்குப் பெயர் குடும்பம்.

மனுவேல் ஒரு காலத்தில் கரைவலைச் சம்மாட்டி. வலையும் அவருடையது, வலை இழுக்கிற ஆட்களும் அவருடைய ஆட்கள். கரையில் நின்று அவர் ஒரு வரி பாட, ஆட்கள் அடுத்த வரி பாடி இழுப்பார்கள். இப்போது அவருக்கு வலையும் இல்லை, வலை இல்லை என்ற ஞாபகமும் இல்லை. விடிந்தால் அஜித்தா அவருக்குக் கள்ளி. தன் வலையைத் திருடி விற்றவள். கொஞ்சம் வெயில் ஏறினால் கொன்வென்ட் சிஸ்டர். மத்தியானம் அம்மா. பின்னேரம் வேலைக்குப் பிந்தி வந்த கூலிக்காரன். பல்செட்டை அரிசிப் பெட்டிக்குள் ஒளிப்பார், பிறகு பல்செட்டைக் காணவில்லை என்று பொலிசைக் கூப்பிடச் சொல்லுவார்.

வெயில் சாயத் தொடங்கினால் போதும், வாசற்கதவைப் பிடித்து ஆட்டத் தொடங்குவார். "வாடி! வாடி!" என்று தெரு முழுக்கக் கேட்கும். வாடி என்றால் மீன் பருவத்துக்குக் கடற்கரையில் போடுகிற ஓலைக் கொட்டில். சம்மாட்டியும் ஆட்களும் மாதக்கணக்கில் அங்கேயே சமைத்து அங்கேயே படுப்பார்கள். அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். மனுவேல் தன் வாடிக்குப் போக நிற்கிறார். அந்த வாடியைக் கடல் கொண்டுபோய் எத்தனையோ வருஷம்.

அஜித்தா ஒழுங்காக நித்திரை கொண்டும் எத்தனையோ மாதம். ஒருநாள் சம்பலுக்கு உப்புக் கூடிப் போனதற்காக அடுப்படியில் நின்று ஓவென்று அழுதாள். சம்பலுக்காக யாராவது அப்படி அழுவார்களா? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கிளினிக்கில் டொக்டர் நேர்மையாகத்தான் சொன்னார். "இது மறதி நோய் மகள். முழுசா மாறாது. குளிசையை நிப்பாட்டாதீங்க. நீங்களும் நித்திரை கொள்ளணும், குடும்பத்தில ஆரையாவது உதவிக்குக் கூப்பிடுங்க."

குடும்பத்தில் உதவிக்கு இருந்தது சிலாபத்து யூஜீனியா. மனுவேலின் ஒரே மகள். ஞாயிறு பூசை முடிய ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவாள், கதிரையில் அரை மணித்தியாலம் இருப்பாள், "அப்பா மெலிஞ்சிட்டார்" என்பாள், போய்விடுவாள். டொக்டர் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குப் பொல்லாத கோபம்.

"மாறாது எண்டு சொல்றதுக்கு ஒரு டொக்டரா? அதைச் சொல்ல எனக்குத் தெரியாதா? ஞாபக மாஸ்டர் மாத்தித் தாறன் எண்டுறார்!"

உண்மை சொல்கிறவர் பாவம், பதாகை கட்டவில்லை.

யூஜீனியா மாஸ்டரிடம் போனில் கதைத்து எல்லாம் முடித்து வைத்திருந்தாள். அப்பாவை ஒரு மாதம் மாஸ்டரின் கொட்டகையில் விடவேண்டும். குளிசை கூடாது, குளிசை ஞாபகத்தின் வாயைக் கட்டிவிடுமாம். பதிலுக்கு நாளும் மிளகாய்ப் புகை பிடிக்கவேண்டும். வீட்டுப் பெண்ணின் கை அவர் மேல் படக்கூடாது. அம்மா போட்டுவிட்ட கலியாண மோதிரத்தை மாஸ்டரிடம் கொடுக்கவேண்டும். மனுவேல் எதை மறந்தாலும் அந்த மோதிரத்தை ஒருநாளும் கழற்றினதில்லை.

அஜித்தா மாஸ்டரை நம்பவில்லை. ஆனால் ஒரு மாத நித்திரையை நம்பினாள். அதுதான் உண்மை. அந்த வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் மூடர்கள் இல்லை. களைத்துப் போனவர்கள். களைத்துப் போனவரின் மடியைத் தடவுவது எல்லாவற்றிலும் சுகமான தொழில்.

மூன்று பேரும் பஸ்ஸால் இறங்கியதும் அமல்ராஜின் ஓட்டோ தயாராக நின்றது. அவன் கடல் இல்லாத குருநாகல் பக்கத்து ஆள், மாஸ்டரோடு வந்தவன். வாய் நிறையச் சிரிப்பு. சீற்றில் விரித்திருந்த பழைய சேலையை வலை என்று நினைத்துத் தடவிக்கொண்டு மனுவேல் நடுவில் வர, இரண்டு பக்கமும் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

"ஐயா என்ன தொழில் செஞ்சவர் அக்கா?"

"எங்கட அப்பா பெரிய கரைவலைச் சம்மாட்டி!" என்றாள் யூஜீனியா.

"அடேயப்பா! இப்ப வீட்டில என்ன கதைப்பார்?"

"என்னத்தைக் கதைக்கிறது? பின்னேரமானா வாடி வாடி எண்டு ஒரே கத்தல்."

"குளிப்பாட்டக் கஷ்டமோ?"

இந்தக் கேள்வியை அஜித்தாவிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கு மனம் இளகிவிட்டது. "கஷ்டம்தான் தம்பி. வலை இழுக்கிற பாட்டைப் பாடினாத்தான் எழும்புவார். 'ஏலேலோ கரை தெரியுது' எண்டு நான் தொடங்கோணும்."

அமல்ராஜ் இரக்கத்தோடு நாக்கால் 'ச்சு' கொட்டினான். கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு போன் கோல் எடுக்கவேண்டும் என்று பின்பக்கம் போனான்.

வரிசையில் அஜித்தாவுக்கு முன்னால் தில்லையடி றம்லா, தன் தாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயின் பெயரே சித்தி மரியம், ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். வரிசையில் நின்ற எல்லோரையும் நேராக நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். றம்லா அஜித்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி, நீங்க ராவைக்குத் தூங்குறீங்களா?"

"இல்ல அக்கா. நீங்க?"

"எங்க தூங்குற? உம்மா சாமத்துல எழும்பிப் பள்ளிக்கூடம் போக சாரி உடுக்கிறா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிய இரண்டு பேருக்கும் கண் நிறைந்தது.

உம்மாவின் முறை வந்தது. அத்தர்த் தட்டு முன்னால் வந்தது. மாஸ்டர் கண்ணை மூடி, எண்ணெயைத் தொட்டு அவரின் உச்சியில் வைத்தார். "ஓரேழு..." என்று மெல்ல இழுத்தார்.

"ஓரேழு ஏழு! ஈரேழு பதினாலு! மூவேழு இருபத்தொண்டு!" சித்தி மரியம் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்.

கொட்டகை அதிர்ந்தது. "அல்லாஹ்!" என்றது ஒரு பக்கம். "முருகா!" என்றது இன்னொரு பக்கம். "யேசுவே!" என்று யூஜீனியா நெஞ்சில் சிலுவை போட்டாள். றம்லா மட்டும், "உம்மா இத ஊட்டுலயும் சொல்ற தானே..." என்று முணுமுணுத்தாள். பின்னால் நின்ற நாலு பேர் அவளை 'உஷ்' என்று அடக்கினார்கள். அற்புதம் நடக்கிற இடத்தில் விஷயம் தெரிந்தவர் வாய் திறக்கலாமா?

அடுத்தது மனுவேல். மெழுகுதிரித் தட்டு வந்தது. எண்ணெய் உச்சியில் பட்டது. மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"ஏலேலோ கரை தெரியுது..."

"ஏலேலோ மடி கனக்குது!" மனுவேல் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். "ஏலேலோ இழு மகனே!"

சனம் கைதட்டியது. யூஜீனியா விம்மி விம்மி அழுதாள். தகப்பனின் விரலைப் பிடித்து மோதிரத்தைத் திருகத் தொடங்கினாள். மனுவேல் கையை இழுத்தார். "விடு! அவள் ஏசுவாள்!" என்றார். அவள் என்றது செத்துப்போன மனைவியை. இவரையா இங்கே புகைக்குள் விட்டுவிட்டுப் போய் நான் நித்திரை கொள்ளப்போகிறேன் என்று அஜித்தா நினைத்தாள். நித்திரை வருமா?

மாஸ்டர் அத்தோடு விட்டிருந்தால் தப்பியிருப்பார். கைதட்டல் ஆளை விடுமா? கையை உயர்த்தி, கண்ணைச் செருகி, குரலை அடித்தொண்டைக்கு இறக்கினார்.

"சத்தம் போடாதீங்க! கடல் என்ர காதில ஒரு ரகசியம் சொல்லுது. இவர ஒரு பொம்பிள பிடிச்சிருக்கிறாள்! கடல்ல செத்த கன்னி! பொழுது சாய அவள் வந்து வாசல்ல நிப்பாள். இவர் அவளைத்தான் கூப்பிடுறார்: 'வாடி! வாடி!' எண்டு!"

அஜித்தா சிரித்துவிட்டாள்.

சின்னச் சிரிப்பு இல்லை. எத்தனையோ மாதமாக வயிற்றுக்குள் அடைந்து கிடந்த சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற உடப்பு மீனவர் ஒருவர் ஒரு கணம் முழித்தார், பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது. அவரும் 'ஹோ' என்று தொடங்கினார்.

"என்ன சிரிப்பு?" என்று மாஸ்டர் சீறினார். "ஆவியோட விளையாடாத!"

"மாஸ்டர்," என்றாள் அஜித்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா பொம்பிளையக் கூப்பிடயில்ல. மீன் வாடிக்குப் போகோணும் எண்டு கத்துறார். இதை வரேக்க ஓட்டோத் தம்பிக்குத்தான் சொன்னனாங்க. இந்தக் கரையில வாடி தெரியாத ஆள் ஆரு? கடல் உங்கட காதில சொல்லிச்சாம். கடலுக்கே வாடி எண்டா என்னெண்டு தெரியாதா?"

"கடலுக்குத் தெரியும்," என்றார் உடப்பு மீனவர். "குருநாகல் ஓட்டோக்காரனுக்குத் தெரியாது."

கொட்டகைக்குள் ஒரு சலசலப்பு. அதற்கும் முட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. "வாடியில செத்த பொம்பிளையா இருக்குமாக்கும்!" என்று ஒரு மனிசி குரல் கொடுத்தாள். மாஸ்டர் சறுக்கினாலும் சனம் விழ விடாது, அவ்வளவு பாசம்.

"சரி, கதை வேண்டாம்," என்றாள் அஜித்தா. "இவ்வளவு பேர் பார்க்கிறாங்க. இன்னொரு முறை எண்ணெய் வையுங்க மாஸ்டர். ஆனா பாட்டு வேண்டாம். வெறும் எண்ணெய்."

"சக்தியச் சோதிக்கக் கூடாது."

"சக்தியை இல்ல, எண்ணெயைத்தான்."

"வையும் ஐயா, வையும்!" என்றது கூட்டம். சனத்துக்கு அற்புதமும் பிடிக்கும், சண்டை இன்னும் கூடப் பிடிக்கும்.

மாஸ்டர் எண்ணெயை வைத்தார். மனுவேல் பேசாமல் இருந்தார். இன்னும் கொஞ்சம் வைத்தார். மனுவேல் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் முறை உள்ளங்கை நிறைய ஊற்றி அப்பினார். மனுவேலுக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய் தம்பி, கை துடைக்க உனக்கு என்ர தலைதானா கிடைச்சுது?"

கொட்டகை குலுங்கியது. அஜித்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாமனாரின் முன்னால் வந்து நின்றாள். "ஏலேலோ கரை தெரியுது" என்றாள், அவ்வளவுதான்.

"ஏலேலோ மடி கனக்குது!" மனுவேல் எழும்பினார்.

றம்லாவுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. தாயின் பக்கம் குனிந்தாள். "உம்மா, ஓரெட்டு?"

"ஓரெட்டு எட்டு! ஈரெட்டு பதினாறு!" என்று ரீச்சர் தொடங்கினார்.

பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் ஆளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் தேவாரம் பாடினார். இன்னொருவர் மீன் ஏலம் கூறினார். ஒரு ஆச்சி செபமாலையைக் காற்றாய் ஓட்டினாள். ஞாபகத் தைலம் ஒரு துளியும் செலவில்லாமல் கொட்டகை முழுக்க ஞாபகம் பொங்கி வழிந்தது.

"பாத்தீங்களா?" அஜித்தா குரலை உயர்த்தினாள். "பழசு ஒண்டும் இவங்களை விட்டுப் போகயில்ல. போகாததைத்தான் மாஸ்டர் திருப்பித் தந்தவர். போனது இண்டைக்குள்ளது. அதைத் தாங்க மாஸ்டர். காலம மாமா என்ன சாப்பிட்டவர் எண்டு கேளுங்க."

மாஸ்டர் கேட்கவில்லை. உடப்பு மீனவர் கேட்டார். "சம்மாட்டியார், காலம என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பாடா!" மனுவேல் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "இந்தக் கள்ளி என்னைப் பட்டினி போட்டு ஒரு கிழமை!"

சேர்ட்டின் முன்பக்கத்தில் முட்டை மஞ்சள் கரு அப்படியே காய்ந்து கிடந்தது. பாண் துணிக்கையும் ஒட்டியிருந்தது. சனம் சேர்ட்டைப் பார்த்தது, மாஸ்டரைப் பார்த்தது.

"நம்பிக்கை இல்லாத இடத்தில சக்தி நிக்காது!" என்றார் மாஸ்டர். சக்தியை விட முந்தி அவர் எழும்பிவிட்டார். எழும்பின வேகத்துக்கு வாசலில் அமல்ராஜ் ஓட்டோவை ஸ்டார்ட் போட்டுக்கொண்டு நின்றான். ஆனால் நடுவில் உடப்பு ஆட்கள் நின்றார்கள். வலை இழுக்கிற கைகள்.

"நகையள் எங்க ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பூசையில இருக்கு."

"எந்த இடத்துல பூச?" என்றாள் றம்லா.

மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றியைத் தடவினார். பிறகு, அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் ஒருநாளும் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு... ஞாபகம் இல்ல."

பித்தளைச் செம்போடு திருப்பி அனுப்பப்பட்டு, அன்று மறுபடி வந்திருந்த அந்தப் பெண் முன்னால் வந்தாள். மேசையில் இருந்த தைலப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். முழுப் போத்தலையும் மாஸ்டரின் உச்சியில் கவிழ்த்தாள்.

"இப்ப ஞாபகம் வருதா?"

எண்ணெய் மூக்கால் ஒழுகியது. உடப்பு ஆட்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள்.

"ஓட்டோ சீற்றுக்குக் கீழ," என்றார் மாஸ்டர்.

ஞாபகத் தைலம் வேலை செய்தது அந்த ஒரு தடவைதான். சங்கிலி, காப்பு, மோதிரம் எல்லாம் சீற்றுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன. பூசை நடந்த அடையாளமாக டின் மேல் தெருத் தூசிதான் இருந்தது. பொலிஸ் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. போகும்போதும் ஒருவர் ஓடிப்போய் மாஸ்டரின் தலையில் இருந்து கொஞ்சம் எண்ணெயை வழித்துத் தன் முழங்காலில் பூசிக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

கூட்டம் கலைந்தது. யூஜீனியா கண்ணைத் துடைத்தபடி நின்றாள். "எனக்கு என்ன தெரியும் அஜித்தா? அப்பா சுகமாகோணும் எண்டுதான்..."

"தெரியும் மச்சாள்," என்றாள் அஜித்தா. கோபம் இல்லை, ஆனால் விடுகிறதாகவும் இல்லை. "ஆரெண்டு தெரியாத ஒருத்தன்ட கொட்டகையில ஒரு மாசம் விட உங்களுக்கு மனசு வந்தது. சொந்த மகள்ட வீட்டில ஞாயிற்றுக்கிழமையில ஒரு பகல் விட ஏன் வரயில்ல? எனக்கு அற்புதம் ஒண்டும் வேண்டாம். நித்திரை வேணும். நான் விழுந்தா மாமாவை ஆர் பாக்கிறது?"

யூஜீனியா தன் கையைப் பார்த்தாள். வாழைப்பழச் சீப்பும் அன்று கையில் இல்லை. "ஞாயிறு கொண்டு வந்து விடு" என்று கடைசியில் சொன்னாள். பக்கத்தில் நின்ற றம்லா அஜித்தாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். இருவரும் அன்றைக்கே ஒருவருக்கொருவர் முறை சொல்லிவைத்தார்கள்: முடியாமல் போகிற நாளில் கோல் எடுத்து அழுவது, மற்றவள் கேட்பது, புத்தி சொல்லாமல் இருப்பது.

ஞாயிறு வந்தது. மாமாவைச் சிலாபத்தில் விட்டுவிட்டு அஜித்தா வீட்டுக்கு வந்து பாயில் சரிந்தாள். கொஞ்ச நேரத்தில் யூஜீனியாவின் கோல்.

"அஜித்தா! அப்பா குளிக்க வாறாரில்ல! என்னைக் கண்டா ஏசுறார்! நான் என்ன செய்ய?"

"பாடுங்க மச்சாள்."

"எனக்குப் பாட்டுத் தெரியாதே!"

"உங்கட அப்பாதானே. பக்கத்தில இருந்து கேளுங்க, அவர் சொல்லித் தருவார்," என்று போனை வைத்துவிட்டு அஜித்தா நித்திரையானாள். மாலைப் பூசை மணி அடித்தும் எழும்பவில்லை.

மனுவேல் சம்மாட்டியால் யோசிக்க முடியாது. அது நோய், கிளினிக்கில் அதற்கு ஒரு பெயர் உண்டு. யோசிக்க முடிந்தும் யோசிக்காமல், வீட்டில் விழுந்து கிடக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காமல், மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுகிறோமே, இந்த நோய்க்கு எந்த டொக்டரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. அவர்கள் பெயர் வைக்கும்வரை காத்திருக்காதீர்கள், ஐயாமாரே அம்மாமாரே. உங்கள் தலை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. இருக்கும்போதே கொஞ்சம் எடுத்துப் பாவியுங்கள்.